மகள் ஓவியக் கல்லூரிக்குப் போகிறேன் என்கிறாள், அனுப்பலாமா?

உங்கள் கேள்வி இது. மகள் பிளஸ் டூ முடிக்கப்போகிறாள். இன்ஜினீயரிங் வேண்டாம், ஓவியம்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள். நடிகர் படமோ தாத்தா படமோ, போட்டோவைக் கொடுத்தால் பென்சிலில் அப்படியே கொண்டுவந்துவிடுகிறாள். ஆனால் வரைவதை யூடியூபிலேயே கற்றுக்கொள்ளலாமே, அதற்கு ஒரு கல்லூரியும் நாலு வருடமும் எதற்கு? படித்து முடித்தால் சோற்றுக்கு என்ன வழி?

நான் நுண்கலை படித்தவன், இப்போது அதையே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பவன். அனுப்புங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அங்கே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள். இந்தப் படிப்பில் சேர்ந்து நொந்துபோகிறவர்களில் வரையத் தெரியாதவர்கள் குறைவு. நன்றாக வரையத் தெரிந்து, அதையே இன்னும் கொஞ்சம் நன்றாக வரையச் சொல்லித்தருவார்கள் என்று நம்பி வந்தவர்கள்தான் முதல் வருடத்தில் தடுமாறுவார்கள்.

முதலில் அந்த போட்டோ விஷயம். போட்டோவைப் பார்த்து மயிரிழை பிசகாமல் வரைவதற்குப் பொறுமை வேண்டும், கை சுத்தம் வேண்டும். இரண்டும் உங்கள் மகளிடம் இருக்கின்றன, சந்தோஷம். ஆனால் எங்கிருந்து பார்ப்பது, எதை விடுவது, வெளிச்சம் எங்கே விழுவது என்ற முடிவுகளையெல்லாம் கேமராவே ஏற்கெனவே எடுத்துவிட்டது. வரைகிறவருக்கு மிஞ்சியிருப்பது பிரதி எடுக்கும் வேலைதான். கல்லூரியில் முதல் நாளே அந்த வசதி போய்விடும்.

வகுப்பின் நடுவே ஒரு ஸ்டூல், அதன்மேல் கசங்கிய துணி, துணிமேல் ஒரு செம்புக் குடம். சுற்றி இருபது பேர் டாங்கி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். டாங்கி என்பது ஒரு முனையில் பலகையைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரும் பெஞ்சு. இருபது பேருக்கும் இருபது குடம் தெரியும். தலையைக் கொஞ்சம் அசைத்தால் குடத்தின் வாய் வேறு வளைவாகிவிடும். கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலைக் குறுக்கே பிடித்து, கட்டைவிரலால் குடத்தின் அகலத்தை அளந்து, அதே அளவு உயரத்தில் எத்தனை தடவை போகிறது என்று பார்க்கச் சொல்வார்கள். போட்டோ பார்த்து வரைந்து பழகிய பிள்ளை அந்த இடத்தில் குடத்தைப் பார்க்காது. குடம் இப்படித்தான் இருக்கும் என்று மனசில் இருப்பதை வரையும். அப்போது ஆசிரியர் வந்து, குடத்தை விடு, குடத்துக்கும் துணி மடிப்புக்கும் நடுவே காலியாக இருக்கும் அந்த இடத்தை மட்டும் வரை என்பார். காலி இடத்துக்குப் பெயர் கிடையாது, அதனால் மனசில் அதற்கு ஒரு தயார் வடிவமும் கிடையாது. வேறு வழியில்லாமல் கண் பார்க்க ஆரம்பிக்கும். இது ஒரு சின்ன உத்தி. ஆனால் பக்கத்தில் ஒருவர் நின்று, இப்போது நீ பார்க்கவில்லை என்று அந்த நொடியில் சொன்னால்தான் அது உறைக்கும். யூடியூபில் எத்தனை நல்ல ஆசிரியர்கள் இருந்தாலும் அவர்களால் உங்கள் மகளின் தாளைப் பார்க்க முடியாது.

அப்புறம் அவுட்டோர், அதாவது வெளியே போய் உட்கார்ந்து வரைவது. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி பெரியமேட்டில் இருக்கிறது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம். பெட்டிமேல் தலைவைத்துத் தூங்குகிறவர், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற அம்மா, சுமை இறக்கிவிட்டுப் பீடி பற்றவைக்கிற போர்ட்டர் என்று தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அங்கே உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். வரைந்துகொண்டிருக்கும்போதே ஆள் எழுந்து வண்டி ஏறிவிடுவார். அழித்து அழித்துத் திருத்த நேரமில்லை. எந்தக் கோடு முக்கியம், எதை விட்டாலும் ஆள் நிற்பார் என்று கை தானாகவே முடிவெடுக்கப் பழகும். கொஞ்சம் தள்ளி எழும்பூர் அருங்காட்சியகம். திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் இருக்கிறார். அந்த வெண்கலத்தின் முன் உட்கார்ந்து வரைந்தவர்களுக்குத் தெரியும், தூக்கிய காலின் எடையைச் சமன்செய்ய மற்ற அங்கங்கள் எப்படி ஒவ்வொன்றாக விலகி நிற்கின்றன என்று. சிற்ப வரலாறு பாடத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் வராத அறிவு அது.

வீட்டில் கிடைக்காத இன்னொன்று பட்டறை. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் யாரும் இதைக் கேட்பதில்லை. வரைந்ததைத் தாளில் அச்சாக எடுக்கும் பதிப்போவியத் துறையில் எச்சிங் என்று ஒரு முறை உண்டு. துத்தநாகத் தகட்டின் ஓரங்களை அரத்தால் சரிவாக ராவுவார்கள். எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, லேசாகச் சூடாக்கி, தேன்மெழுகும் நிலக்கீலும் சேர்ந்த கறுப்புப் பூச்சை மெல்லிசாக இழுப்பார்கள். ஆறியதும் ஊசியால் அதன்மேல் வரைய வேண்டும். ஊசி பட்ட இடத்தில் உலோகம் பளிச்சென்று தெரியும். தகட்டை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இறக்கினால் கோடுகளில் மட்டும் பொடிப்பொடியாகக் குமிழ் எழும்பும். அந்தக் குமிழ்களை ஒரு இறகால் மெதுவாகத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அரிப்பு சீராக வராது. சீக்கிரம் எடுத்தால் மெல்லிய கோடு. மெல்லியதாக இருக்க வேண்டியவற்றை வார்னிஷால் அடைத்துவிட்டு மறுபடி இறக்கினால் மற்றவை ஆழமாகும், அச்சில் கறுப்பாகும். கடைசியில் பூச்சைக் கரைத்து, மையைத் தேய்த்துக் கோடுகளில் நிரப்பி, மேற்பரப்பை மஸ்லின் துணியால் துடைத்து, நனைத்து ஒற்றிய தாளை வைத்து, மேலே கம்பளம் போர்த்தி, உருளைக்கு அடியில் ஓட்டுவார்கள். தாளை ஒரு மூலையிலிருந்து தூக்கும்போதுதான் படம் முதன்முதலில் கண்ணுக்குத் தெரியும். அதுவும் இடவலம் மாறி.

அமிலத் தொட்டியையும் அச்சு இயந்திரத்தையும் வீட்டு மொட்டைமாடியில் வைத்துக்கொள்ள முடியாது. மண்பாண்டத் துறையின் சூளையும், சிற்பத் துறையின் வார்ப்பு வசதியும் அப்படித்தான். அதனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், பட்டறையைப் பாருங்கள். சூளையில் சூடு இருக்கிறதா, அச்சு இயந்திரத்தின் சக்கரத்தில் மை படிந்திருக்கிறதா, இல்லை பூட்டிய அறையில் தூசி தின்கிறதா? ஒரு துறை உயிரோடு இருக்கிறதா என்பதை இதைவிடச் சுலபமாகக் கண்டுபிடிக்க முடியாது.

எந்தக் கல்லூரி என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது சென்னைதான். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய பள்ளி அது. ஆங்கிலேய அரசு அதைக் கைவினைஞர்களைப் பயிற்றுவிக்கும் இடமாகத்தான் நடத்தியது. 1929இல் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமைப் பொறுப்பேற்றார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். மெரினாவில் நாலு பேர் பாறையை நெம்பித் தள்ளும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அவருக்குப் பிறகு 1957இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் வந்தார். மேற்கத்திய பாணியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நம் ஊர்க் கோடும் எழுத்தும் யந்திரத் தகட்டு வரைவுகளும் நாட்டார் உருவங்களும் நவீன ஓவியத்துக்குள் எப்படி வரும் என்ற கேள்வியை அந்த வளாகத்தில் எல்லோருக்கும் பொதுவாக்கினார். மெட்ராஸ் இயக்கம் என்று இன்றைக்குச் சொல்வது அங்கே பிறந்ததுதான்.

இந்த இடத்தில் உங்கள் சோற்றுக் கேள்விக்கும் ஒரு பதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஓவியம் வாங்க சென்னையில் ஆள் இல்லை. பணிக்கரோடு சேர்ந்த ஓவியர்களும் சிற்பிகளும் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். வயிற்றுக்குக் கைவினை, மற்ற நேரத்தில் தன் ஓவியம் என்று வாழ்ந்து காட்டினார்கள். இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம், அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள்.

கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி உண்டு. சிலை வார்ப்புக்குப் பேர்போன சுவாமிமலை பக்கத்திலேயே இருப்பது சிற்பம் படிக்கிறவர்களுக்குப் பெரிய வரம். வண்டல் மண் பூசிய மெழுகு உருவம் சுடுபட்டு உருகி ஓடி, அந்த இடத்தில் உலோகம் இறங்குவதை ஸ்தபதிகளின் பட்டறையிலேயே பார்க்கலாம். மரபுச் சிற்பம், கோயில் கட்டடக்கலைதான் வேண்டும் என்றால் மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசுக் கல்லூரி இருக்கிறது. அது வேறு வகைப் படிப்பு, சாஸ்திர அளவுகளிலிருந்து தொடங்கும். புதுச்சேரியில் அரியாங்குப்பத்துப் பாரதியார் பல்கலைக்கூடம் உண்டு. சென்னை, கும்பகோணம், மாமல்லபுரம் மூன்றும் 2013இல் தமிழக அரசு உருவாக்கிய இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பி.எஃப்.ஏ. என்ற நுண்கலை இளநிலைப் பட்டம் நாலு வருடம். பிளஸ் டூ-வில் என்ன குரூப் எடுத்தாள் என்பதைவிட, வரைந்து காட்டும் நுழைவுத் தேர்வுதான் முக்கியம்.

வெளியூர் அனுப்பும் மனசும் வசதியும் இருந்தால் மேற்கு வங்கத்துச் சாந்திநிகேதனும் குஜராத்தின் பரோடாவும். சாந்திநிகேதனில் கலாபவனம் என்ற கலைக் கல்லூரி 1919இல் தொடங்கியது, ஓவியர் நந்தலால் போஸ் அதை வளர்த்தார். அங்கே படிக்கிற பிள்ளைகள் வகுப்புக்குப் போகும் வழியிலேயே ராம்கிங்கர் பைஜின் சந்தால் குடும்பம் சிற்பத்தைத் தினமும் கடந்துபோவார்கள். 1938இல் செய்தது. ஒரு சந்தால் பழங்குடிக் குடும்பம் சுமைக்காவடியும் குழந்தையும் நாயுமாக இடம்பெயர்ந்து போகிறது. வெண்கலத்துக்கும் பளிங்குக்கும் பணமில்லாத இடத்தில், அந்த ஊர்ச் செம்மண் கப்பியையும் சிமெண்டையும் கலந்து ராம்கிங்கர் அதைச் செய்தார். கையில் இருக்கும் பொருளை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது. பரோடா பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறை 1950இல் வந்தது. நுண்கலையைப் பட்டப்படிப்பாக முதலில் கொண்டுவந்த இடங்களில் ஒன்று. செய்முறையோடு கலை வரலாற்றையும் அழுத்தமாகச் சொல்லித்தருவார்கள். பரோடாவை உருவாக்கியவர்களில் ஒருவரான கே.ஜி. சுப்ரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை போனதால் அந்தப் படிப்பு தடைப்பட்டது. 1944இல் சாந்திநிகேதன் போனார். பிறகு பரோடாவில் ஆசிரியர், நடுவில் கைத்தறி வாரியத்தில் வேலை, பொம்மைகள், சுடுமண் சுவரோவியம், குழந்தைகளுக்கான புத்தகங்கள் என்று எதையும் சின்ன வேலை என்று ஒதுக்காமல் செய்தார்.

வேலை விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன். ஓவியம் விற்றே குடும்பம் நடத்துகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு, அந்த நிலைக்கு வரவும் பல வருடங்கள் ஆகும். கல்லூரி முடித்ததும் கேம்பஸ் இன்டர்வியூவில் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள். ஆனால் இந்தப் படிப்பு படித்தவர்கள் எங்கெல்லாம் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தோட்டா தரணி சினிமாவில் கலை இயக்குநர். ட்ராட்ஸ்கி மருது பத்திரிகை ஓவியம், அனிமேஷன், சினிமா என்று எல்லாத் திசையிலும் போனவர். சிற்பி தனபாலிடம் பயின்ற ஓவியர் ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராக வேலை பார்த்தவர். அவர் வரைந்த கோட்டோவியங்களும் தலைப்பெழுத்துகளும் தமிழ்ப் பத்திரிகைகளின், புத்தகங்களின் முகத்தையே மாற்றின. மூன்று பேரும் பெரியமேட்டு வளாகத்தில் படித்தவர்கள். இன்றைக்கு அனிமேஷன், கேம் நிறுவனங்கள், விளம்பரம், ஜவுளி வடிவமைப்பு, அருங்காட்சியகப் பாதுகாப்பு, பள்ளி ஆசிரியர் வேலை என்று வழிகள் இருக்கின்றன. கல்லூரியில் பாடம் எடுக்க வேண்டுமென்றால் எம்.எஃப்.ஏ. என்ற முதுநிலைப் பட்டம் முடித்து, யு.ஜி.சி. நெட் தேர்வில் காட்சிக்கலை என்ற பாடத்தை எழுதலாம். மாதச் சம்பளம்தான் முதல் கவலை என்றால் பி.எஃப்.ஏ.விலேயே காட்சித் தொடர்பு வடிவமைப்பு என்ற பிரிவு உண்டு, அதைப் பாருங்கள். ஆனால் மகளுக்கு எது பிடிக்கிறது என்று கேட்காமல், வேலை கிடைக்கும் என்று அதில் தள்ளிவிடாதீர்கள். பெயின்டிங் படிக்க வந்த மனசோடு லோகோ வரைந்துகொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

செலவு பற்றியும் ஒரு வார்த்தை. அரசுக் கல்லூரியில் கட்டணம் பெரிய சுமை இல்லை, பொருள்கள்தான் செலவு. அதற்கும் மாணவர்களுக்கு வழி தெரியும். கடையில் கேன்வாஸ் வாங்காமல், காடாத் துணியை மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, ஃபெவிகாலும் வெள்ளைப் பொடியும் கலந்து இரண்டு கோட்டிங் அடித்துத் தாங்களே தயார் செய்துகொள்வார்கள். முதல் வருடத்தில் விலை உயர்ந்த ஆயில் கலர் செட் வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்குக் கரியும் பழுப்புத் தாளும் கட்டுக்கட்டாக வாங்கிக் கொடுங்கள்.

பெண் பிள்ளை ஆயிற்றே என்ற கவலையை நீங்கள் எழுதவில்லை, ஆனால் பல அப்பாக்கள் தனியாகக் கேட்பார்கள். இரவு வரை பட்டறையில் வேலை இருக்கும் படிப்பு இது. ஹாஸ்டல் எங்கே, பட்டறை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று நேரில் போய் விசாரியுங்கள். படிக்கிற பெண்களிடமே பேசுங்கள், அவர்கள் உள்ளது உள்ளபடி சொல்வார்கள். பணிக்கர் காலத்திலேயே ஓவியர் டி.கே. பத்மினியும் சிற்பி அனிலா ஜேக்கப்பும் சென்னைக் கல்லூரியில் படித்து வந்தவர்கள்தான். பத்மினி 1969இல், முப்பது வயதுக்குள் இறந்துபோனார். அதற்குள் அவர் வரைந்து வைத்த பெண் உருவங்களை இன்றைக்கும் ஓவியர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறார்கள்.

கல்லூரி போதுமான அளவு தராத ஒன்று உண்டு. தன் ஓவியத்தைப் பற்றிப் பேசவும் எழுதவும் சொல்லித்தருவது குறைவு. வருடக் கடைசியில் டிஸ்ப்ளே வைப்பார்கள், மதிப்பிட ஜூரி வருவார்கள். இந்த உருவம் ஏன் மூலையில் நிற்கிறது, இந்தச் சிவப்பு ஏன் என்று கேட்பார்கள். தமிழ் வழியில் படித்து வந்த நல்ல நல்ல பிள்ளைகள் அங்கே வாயடைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கலை வரலாற்றுப் புத்தகங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. எம்.எஃப்.ஏ. நேர்காணல், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் எல்லாவற்றிலும் இது இடிக்கும். அதனால் இப்போதிருந்தே ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் நாலு வரி எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுதினால் போதும், யோசனை தெளிந்துவிட்டால் மொழி பின்னால் வரும். கொச்சியில் 2012இல் தொடங்கிய பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியோடு, 2014 முதல் மாணவர்களுக்கென்றே தனியாக ஒரு பினாலேயும் நடக்கிறது. அது நடக்கும் சமயத்தில் ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டுங்கள். தன் வயதுப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், அதைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று அவளே பார்த்துக்கொள்வாள்.

நுழைவுத் தேர்வுக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. போட்டோவைக் கொஞ்ச நாள் எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள். தினம் ஒரு மணி நேரம் நேரில் இருப்பதை வரையட்டும்: காய் நறுக்கும் பாட்டி, சுவரில் சாய்த்த சைக்கிள், பஸ் ஸ்டாண்ட், தன்னுடைய இடது கை. ஒரே பொருளைக் காலையிலும் சாயங்காலமும் வரைந்து, நிழல் எங்கே நகர்ந்தது என்று பார்க்கட்டும். கைப்பிடியளவு களிமண்ணை வைத்து ஒரு கத்தரிக்காயையோ பூண்டையோ உருட்டிச் செய்யட்டும், தேர்வில் களிமண் கொடுத்தாலும் கொடுப்பார்கள். நேர்காணலுக்குப் போகும்போது பிரேம் போட்ட நடிகர் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போகாமல், கோடும் கிறுக்கலும் நிறைந்த அந்த ஸ்கெட்ச் நோட்டையும் கொண்டுபோகட்டும். தேர்வு செய்ய உட்காருகிறவர்கள் முதலில் கை நீட்டுவது அந்த நோட்டுக்குத்தான்.